பழமொழித் தாளை மாற்றுங்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், மொழிப்பாட ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

விடுமுறைக்கு முன்னால் மாணவர் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பும் வழக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிதல்ல. மேலே "எங்கள் வீட்டுப் பழமொழிகள்" என்று தலைப்பு இருக்கும். கீழே இரண்டு கட்டம்: இடப்பக்கம் பழமொழி, வலப்பக்கம் பொருள். பத்து வரியோ இருபது வரியோ நிரப்ப வேண்டும். நன்றாக வந்தவை பள்ளி மலரில் ஏறும். இந்த ஆண்டு பேராக் மாநிலத்தின் இந்த வட்டாரத்தில் யாராவது அப்படி ஒரு பணி கொடுக்க நினைத்திருந்தால், தாளை அச்சுக்கு அனுப்புமுன் இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நோக்கத்தில் குறையில்லை. கோளாறு அந்த இரண்டு கட்டத்தில்தான். "பழமொழி, பொருள்" என்று கேட்டதும் பிள்ளையின் நினைவுக்கு வருவது பாடத்திட்டத்து மொழியணிப் பட்டியல். "சிறுதுளி பெருவெள்ளம்" வரும், "அடாது செய்தவன் படாது படுவான்" வரும். பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமலே தாளை நிரப்பிவிடலாம். கைப்பேசி இருந்தால் பத்து நிமிட வேலை. அச்சில் கிடப்பவற்றை மறுபடி எழுத நமக்கு ஆள் தேவையில்லை. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உண்டு. 1897-இல் ஜென்சன் பாதிரியார் பொருள் வாரியாகப் பிரித்தே கொடுத்துவிட்டார். அச்சில் இல்லாதது வேறு: டோவன்பி, எல்பில், ஹீவுட் போன்ற ரப்பர் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்றுகொண்டு, யார் யாரைப் பார்த்து, எந்தச் சமயத்தில், எந்தக் குரலில் அதைச் சொன்னார்கள் என்பது. அதற்குத் தாளில் இடமே இல்லை.

காலமும் அதிகம் இல்லை. இன்று ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையின் பாட்டிக்குப் பெரும்பாலும் அறுபது, எழுபது வயது. அவர் சிறுமியாக இருந்தது 1960-களில். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்த காலம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தம்பி தங்கையை விட்டுவிட்டு அம்மா பால் எடுக்க மரம் வெட்டப் போன காலம். அவருடைய பாட்டி கப்பலில் வந்தவராக இருக்கலாம். ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடியது. ஆக, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பேச்சை நேரே காதால் கேட்டு, அதைத் தோட்டத்துப் பேச்சோடு கலந்து பேசிய கடைசித் தலைமுறை உங்கள் மாணவர்களின் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கித்தா என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் தாமான் குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டன. பக்கத்துக் குவாலா கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறார்கள். அந்த மரத்தின் வாரிசுகளை வெட்டிய கைகளின் பேச்சுக்கு ஒரு தாளாவது ஒழுங்காக இருக்கட்டும்.

ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. பள்ளி அளவிலான மதிப்பீட்டில் இப்படிப்பட்ட திட்டப்பணிக்கு இடம் உண்டு என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி, தாள் எப்படி இருக்க வேண்டும் என்பது.

இருபது வேண்டாம். ஒரு மாணவருக்கு மூன்று போதும். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு அட்டை. நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினால் பிறகு பிரிக்க முடியாது. அட்டையானால் தோட்டம் வாரியாக, சொன்ன சமயம் வாரியாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கலாம். அகர வரிசையில் அடுக்குவது வீண் வேலை. ஒரே சொல் ஒரு வீட்டில் "அட" என்று தொடங்கும், இன்னொரு வீட்டில் "ஏண்டி" என்று தொடங்கும்.

அட்டையில் முதலில், சொன்னபடியே சொல். அதன் கீழே யார் யாருக்குச் சொன்னது; பெயர் வேண்டாம், உறவுமுறை போதும். பிறகு எந்தச் சமயத்தில், எந்தக் குரலில்: கோபமா, கேலியா, செல்லமா, சலிப்பா. எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்தப் பத்தாண்டு. சொன்னவரின் தாத்தா பாட்டி தமிழ்நாட்டில் எந்த ஊர். தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. பொருள் கடைசியில், அதுவும் சொன்னவர் வாயால் வந்த பொருள். ஒரு மாதிரி அட்டை:

சொன்னபடி: கப்பலு கவுந்தாப்புல கன்னத்துல கை வைக்காத.
யார், யாருக்கு: அப்பாயி, பேத்திக்கு.
சமயம், குரல்: பரீட்சையில் மதிப்பெண் குறைந்து உட்கார்ந்திருக்கும்போது; அதட்டல் பாதி, செல்லம் பாதி.
எங்கே, எப்போது: லயத்து வீடு, 1970-களின் கடைசி.
முன்னோர் ஊர்: திருச்சி பக்கம், ஊர்ப்பெயர் தெரியாது.
அவர் சொன்ன பொருள்: அப்படி உட்கார்ந்தா வீட்டுக்கு ஆகாது.

கடைசி வரியைப் பாருங்கள். பழமொழி நூலைத் திறந்தால் "பெருநட்டம் நேர்ந்தாற்போல் சோர்ந்திருக்காதே" என்பது போல இருக்கும். இந்தப் பாட்டிக்கோ அது ஒரு சகுனம். இரண்டும் சரி, நூலில் உள்ளது நமக்கு ஏற்கெனவே கிடைக்கும், பாட்டியுடையது கிடைக்காது. வலப்பக்கக் கட்டத்தில் "பொருள்" என்று மட்டும் அச்சடித்தால் பிள்ளை நூலில் உள்ளதைத்தான் எழுதும்.

அடுத்து, கேட்கும் முறை. பெரும்பாலான பிள்ளைகள் இடறும் இடம் இதுதான். "பாட்டி, ஒரு பழமொழி சொல்லுங்க" என்று கேட்டால் பாட்டி திருதிருவென்று விழிப்பார், அல்லது "எனக்கு என்ன ஐயா தெரியும், நான் படிக்கலையே" என்பார். அது பொய்யடக்கம் இல்லை. அவர் பழமொழி என்று நினைத்து எதையும் சொன்னதே இல்லை. பிள்ளை சோற்றைச் சிந்தும்போது வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆகவே பழமொழி என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. சமயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். சோற்றைச் சிந்தினால் என்ன சொல்வீர்கள்? விடிந்தும் எழும்பாத மகனை என்ன சொல்லி எழுப்புவீர்கள்? கடன் கேட்டு வந்த சொந்தக்காரர் போன பிறகு தாத்தா என்ன சொல்வார்? மருமகள் வைத்த குழம்பில் உப்புக் கூடினால்? சம்பளம் போட்ட அன்று இரவு கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவரைப் பார்த்து? பிள்ளை தும்மினால், விக்கினால், பல் விழுந்தால்? ஊருக்குக் கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்லிவிட்டால்? காலையில் மழை வந்து மரம் வெட்டுப் போனால்?

கடைசிக் கேள்வி முக்கியம். தோட்டத்துக்கே உரிய பேச்சு வேலையைச் சுற்றித்தான் இருக்கிறது, வேலை தெரியாத பிள்ளைக்கு அது புரியாது. ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்டத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏறப் பாலின் ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் பரவி வீணாகும். மழைநீர் பால் வடியும் மங்கில் விழுந்தால் உள்ள பாலும் கெடும். அதனால் காலை மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் வரும்படி குறையும். உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயத்தின் மேல் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு விழும். முந்திய வெட்டின் கோட்டில் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால்; அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் புது வெட்டு. இவ்வளவும் தெரிந்தால்தான், ஒரு வீட்டில் யாராவது "ஒட்டுப்பாலா ஒட்டிக்கிட்டு நிக்கிறான்" என்றோ "காயம் பட்ட மரம்" என்றோ சொல்லும்போது பிள்ளைக்கு அதன் எடை விளங்கும். தெரியாத பொருள் பேச்சில் வந்தால் அங்கேயே நிறுத்தி "அது எப்படி இருக்கும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் உளி, மங்கு, வாளி ஏதாவது மிச்சம் இருந்தால் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து அட்டையோடு சேர்க்கலாம். அடிக்கோல் இல்லாத படத்தில் மங்கின் அளவு பிடிபடாது.

இன்னொரு வகை, இங்கே இல்லாத பொருளைப் பற்றிய சொற்கள். "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்" என்பதைப் பேராக்கில் பிறந்த பாட்டியும் சொல்வார். ஆடி மாதத்தில் இங்கே அம்மன் கோயில் திருவிழா உண்டு. தமிழ்நாட்டில் அடிக்கிற ஆடிக்காற்று கிடையாது. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறைவது மாசி, பங்குனியை ஒட்டி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதற்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் சில வீடுகளில் அது உயிரோடு இருக்கிறது. எதற்குச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். விதைப்புக்கு இல்லாமல் பெண் பார்ப்பதற்கோ காணி வாங்குவதற்கோ சொல்லக்கூடும். இப்படி இடம் மாறிய சொற்களில்தான் எங்களுக்கு ஆசை அதிகம். அட்டையில் ஒரு சிறு கட்டம் வையுங்கள்: "இந்தப் பொருளைச் சொன்னவர் கண்ணால் பார்த்ததுண்டா?" ஆம், இல்லை போதும்.

சப்பான்காரன் காலத்துச் சொற்களைத் தனியே தேடலாம். 1942 முதல் 1945 வரை மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்ததும், வாழை மரம் போட்ட நோட்டு செல்லாக்காசாகிப் போனதும், சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போனதும் வீட்டுப் பேச்சில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை வீணாக்கும் பேரனை ஏசும்போது மரவள்ளி வரும். "சயாமுக்குப் போனவன்" என்ற பேச்சு வந்தால் பிள்ளை அதைக் கிளறக் கூடாது. பெரியவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே.

எழுதும் முறைக்கு வருவோம். இங்கே தவறு செய்வது பிள்ளைகள் அல்லர், திருத்தும் சிவப்பு மை. "வெளக்கு வச்ச பொறவு உப்புக் குடுக்காத" என்று பிள்ளை எழுதி வரும். ஆசிரியர் "விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்காதே" என்று திருத்துவார். கட்டுரைக்கு அது சரி. அட்டையில் திருத்தினால் சொன்னவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதைக் காட்டும் தடயம் அழிந்துபோகும். மலாயாவுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து. அப்பாவின் அம்மாவை அப்பாயி என்று கூப்பிடும் வீடு ஒன்று, அப்பத்தா என்று கூப்பிடும் வீடு இன்னொன்று. அங்கிட்டு இங்கிட்டு என்பவர் ஒருவர், அந்தாண்ட இந்தாண்ட என்பவர் இன்னொருவர். முன்னோர் ஊர் மறந்துபோன குடும்பத்துக்கு இந்தச் சொற்கள் ஒரு வழியைக் காட்டும். முடிவாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் லயத்தில் எல்லாப் பேச்சும் கலந்தது. மதுரைப் பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்ட சேலத்துப் பெண் இரண்டையும் பேசுவார். அதனால்தான் ஒரு சொல்லை வைத்து ஊரைச் சொல்லாமல், பல அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

மலாய்ச் சொற்களையும் அப்படியே விடுங்கள். "ரோத்தான் எடுத்தாத்தான் ஒனக்குப் புத்தி வரும்" என்று பாட்டி சொல்லியிருந்தால் அது ரோத்தான்தான், பிரம்பாக்க வேண்டாம். "சும்மா காச்சாவ் (தொல்லை) பண்ணாத", "எல்லாத்துக்கும் தீடாப்பா (பரவாயில்லை)", "மூணு கட்டை (மைல்) நடந்து போயி வாங்கியாந்தேன்" எல்லாம் நம் ஊர்த் தமிழ். தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்களும் நம் பள்ளிகளில் உண்டு. அவர்கள் வீட்டுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் கேட்டபடி எழுதி, கீழே கருத்தைத் தமிழில் எழுதட்டும். அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

ஒலிப்பதிவு இல்லாமல் கையால் மட்டும் எழுதினால் பாதி நழுவும். கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். கைப்பேசியை மேசைமேல் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்தால் தட்டும் ஓசை ஏறாது. பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரம் போதும். மேல்விசிறியை நிறுத்த வேண்டும். வெக்கையில் பாட்டிக்கு அது தொல்லை என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடைவேளை விட்டுப் போட்டுக்கொள்ளலாம். நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். பிற்பகலில் மழை வந்து தகரக் கூரையில் விழுந்தால் ஒரு சொல்லும் கேட்காது. மாலையில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிவிடும், அதற்குப் போட்டியாக யாராலும் நிற்க முடியாது. முதல் நிமிடத்தில் தேதி, தோட்டம், உறவுமுறை மூன்றையும் பிள்ளை வாயால் சொல்லிப் பதிய வேண்டும். பிறகு பெயரில்லாமல் கிடக்கும் ஐம்பது கோப்புகளில் எது எது என்று தேடும் வேலை மிச்சம்.

கோப்பை அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே குரல் செய்தியாகப் பேசி அனுப்பினால் ஒலி சுருங்கி மங்கும். கைப்பேசியின் பதிவுச் செயலியில் பதிந்து, ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். சுருக்காத வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபைட் பிடிக்கும், அரை மணி நேரம் 150-ஐ ஒட்டும். கைப்பேசியில் இடம் இல்லாத வீட்டில் சுருக்கிய எம்4ஏ கோப்பு போதும். பேச்சுக்கு அது மோசமில்லை.

இரண்டு பிள்ளைகள், கூட ஒரு பெரியவர். ஒரு பிள்ளை கேட்கும், ஒரு பிள்ளை எழுதும். அரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி போனால் பாட்டியே "அன்னிக்கு ஒண்ணு விட்டுப்போச்சு" என்று தொடங்குவார். நல்லவை பெரும்பாலும் அந்த இரண்டாம் முறையில்தான் வரும். முதல் முறையோடு நிறுத்திய தொகுப்பு எல்லாமே ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே போகக் கூடாது என்பதும் உண்டு. சாவு வீட்டிலும் கருமாதியிலும் சொல் கொட்டும், ஒப்பாரியும் கேட்கும். அங்கே கைப்பேசியை நீட்டுவது மரியாதை இல்லை. பல வீட்டுப் பெரியவர்கள் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நிலையத்தில் படுத்திருக்கிறார்கள். அங்கே பதிவு வேண்டாம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சங்கடம். துணைக்குப் போகிறவர் கையில் ஒரு சிறு நோட்டு இருந்தால் மட்டும் போதும். பொழுது போகாத நேரத்தில் பெரியவர்கள் பேசுவார்கள்.

இனி யாரும் மலரில் எழுதாத ஒரு விஷயம். நம் வீட்டுச் சொற்களில் கணிசமானவை சாதியை இழிக்கும், விதவையை இழிக்கும், பெண்ணை இழிக்கும். சீனரையும் மலாய்க்காரரையும், வங்காளி என்று இங்கே சொல்லப்படும் பஞ்சாபியரையும் கேலி செய்யும். "அந்தக் காலத்தில் அப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டு போக முடியாது, இருந்தது. இவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு சேகரிக்க வேண்டாம். கேள்விப் பட்டியலில் அந்தப் பக்கம் இழுக்கும் கேள்வியே வைக்காதீர்கள். தானாக வந்துவிட்டால் கிழித்தெறியவும் வேண்டாம்: தனி உறையில் போட்டு, மேலே "பெரியவர்களுக்கு மட்டும்" என்று எழுதி, பொறுப்பாசிரியர் வைத்துக்கொள்ளட்டும். ஆராய்கிறவருக்கு அதுவும் வேண்டும். மலரில் மட்டும் ஏறக் கூடாது. "பழமொழிதானே" என்ற சமாதானம் அங்கே செல்லாது, ஏனென்றால் அதே வகுப்பில் அந்தச் சொல் குறிவைக்கும் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

பெயர்களிலும் இப்படித்தான். தோட்டத்தில் பாதிச் சொல் இன்னார் கதையைச் சுட்டி இருக்கும்: "இன்னார் கடன் அடைச்ச மாதிரி", "இன்னார் வீட்டு விருந்து மாதிரி". அந்த இன்னாரின் பேரன் இன்றைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கலாம். அட்டையிலேயே பெயரை எடுத்துவிட்டு "ஒரு தண்டல்", "ஒரு கிராணி", "ஒரு கடைக்காரர்" என்று எழுதப் பழக்குங்கள். ஒலிக்கோப்பில் பெயர் இருக்கும், அதை மாற்ற வேண்டாம். ஆனால் பொதுவில் போடும் பகுதியில் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். சொன்னவரிடம் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எழுதிப் போடலாமா? குரலைப் போடலாமா? இரண்டும் ஒன்றல்ல. எழுதச் சம்மதித்த பலர் குரலுக்குச் சம்மதிப்பதில்லை.

சரிபார்ப்பு. "இது எங்க தோட்டத்துச் சொல்" என்று பெருமையோடு வருவதில் பாதி தமிழ் பேசும் இடமெல்லாம் புழங்குவது. "மாமியார் ஒடச்சா மண்சட்டி, மருமக ஒடச்சா பொன்சட்டி" எந்த ஒரு தோட்டத்துக்கும் சொந்தமில்லை. வேறு வேறு தோட்டத்து மூன்று வீடுகளில் கேளுங்கள். எல்லாரும் அறிந்தது, இங்கே வந்து திரிந்தது, ஒரே வீட்டில் மட்டும் உள்ளது என்று மூன்று அடையாளம் போதும். ஒரே சொல் பத்து அட்டையில் வந்தால் ஒன்பதை எறிய வேண்டாம். பத்து வீட்டில் இருக்கிறது என்பதும், எந்த வீட்டில் எப்படித் திரிந்தது என்பதும் செய்திதான். ஒரே வீட்டுச் சொற்களை யாரும் மதிப்பதில்லை, "அது எங்க தாத்தா சும்மா சொல்றது" என்பார்கள். எங்கள் கணிப்பில் அந்த மூன்றாம் வகைதான் முதலில் அழியும், ஆகவே முதலில் எழுத வேண்டியதும் அதுவே.

திரைப்பட வசனத்திடம் எச்சரிக்கை. கவுண்டமணி சொன்னது இருபது ஆண்டு கழித்துத் தாத்தா சொன்னதாகிவிடும். தாத்தாவும் உண்மையாகவே சொல்லியிருப்பார். "டி.வி. வாங்குறதுக்கு முன்னாடியே சொல்வீங்களா?" என்று கேட்டால் ஓரளவு பிரிந்துவிடும். இணையத்தில் பார்த்து எழுதிய அட்டையைக் கண்டுபிடிப்பது எளிது: ஒற்று சரியாக இருக்கும், சமயம் என்ற கட்டம் காலியாக இருக்கும்.

பரிசை எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள். அதிகம் கொண்டுவந்தவருக்குப் பரிசு என்று அறிவித்த அன்றே கைப்பேசித் தேடல் தொடங்கிவிடும். சமயத்தை நன்றாக எழுதிய அட்டைக்குக் கொடுங்கள். முடிந்தால் பரிசைப் பாட்டிக்குக் கொடுங்கள். பள்ளி மேடையில் ஏறிப் பரிசு வாங்காத தலைமுறை அது.

சேர்த்த பிறகு எங்கே வைப்பது? ஒரே பென்டிரைவில் வைத்துப் பள்ளி அலமாரியில் பூட்டுவது பாதுகாப்பு அல்ல. பென்டிரைவ் சொல்லாமல் செத்துப்போகும், பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனால் சாவியும் போகும். இரண்டு வேறு கட்டடங்களில் இரண்டு கணினிப் படி, ஒரு தாள் படி. மலராகவோ சிறுநூலாகவோ அச்சிட்டால் 1986-ஆம் ஆண்டின் நூலக வைப்புச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து படி அனுப்ப வேண்டும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள், பள்ளியில் வெள்ளம் வந்தாலும் அங்கே இருக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கும் ஒன்று அனுப்பலாம். சுங்கை சிப்புட் நகர நூலகத்தில் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில்.

கால அட்டவணை பற்றி ஒன்று. தீபாவளிக்கு முன் தாளைக் கொடுங்கள், கடைசி நாளைத் தீபாவளிக்குப் பிறகு இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். சிலாங்கூரிலும் ஜொகூரிலும் இருக்கும் சித்தப்பா, அத்தை எல்லாரும் பாட்டி வீட்டுக்கு வந்து கூடும் நாட்கள் அவை. ஒருவர் ஒரு சொல்லை எடுத்தால் இன்னொருவர் "அப்படி இல்ல, அம்மா இப்படித்தான் சொல்வாங்க" என்று மறுப்பார். அந்த மறுப்பையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்; இரண்டு வடிவமும் வேண்டும்.

நான்காக வெட்டத்தக்க அட்டை மாதிரியையும், சமயக் கேள்விகள் நாற்பதையும் தட்டெழுதி வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளி கேட்டாலும் தருகிறோம். மாற்றிக்கொள்ளலாம், எங்கள் பெயர் போட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால் பாட்டி கடைசியாகச் சொன்னதை எழுத இடம் இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பேச்சைக் குறித்துவைப்போர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.